கற்பனை உலகத்துக்கு மொழி செய்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஃபேண்டசி கதை எழுதுகிறவர்களும் விளையாட்டு வடிவமைக்கிறவர்களும் தங்கள் உலகத்தின் மொழியை என்னிடம் காட்டுவதுண்டு. கொஞ்ச காலமாக வருவதையெல்லாம் பார்த்தால், தொடக்கத்தில் நான் அடித்த கூத்துகளே வரிசையாக வந்து நிற்கின்றன. ஊர்ப் பெயரை ஓர் அத்தியாயத்தில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் எழுதுவது போன்ற சில்லறைத் தவறுகளைப் பிழை திருத்துபவர் பார்த்துக்கொள்வார். காசையும் காலத்தையும் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எழுத்தை வரைந்துவிட்டு, மொழி முடிந்தது என்று நினைப்பது

இதை மட்டும் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நோட்டில் அழகழகாக 26 குறிகள் இருக்கும். பக்கத்திலேயே ஏ, பி, சி. வரைந்தவர் பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவர்; அவருடைய குகைவாசிகளுக்கோ ஆங்கில அரிச்சுவடி! கே இருக்கும்போது அவர்களுக்கு க்யூ எதற்கு, எக்ஸ் எதற்கு என்று கேட்டால் முழிப்பார். ஆங்கிலத்துக்கு வேஷம் கட்டிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு பலகை விளையாட்டுக் குழு இதில் நன்றாக மாட்டியது. ஓவியரை வைத்து 26 வடிவங்கள் வரைந்து, எழுத்துரு செய்து, வரைபடம், அட்டை, பெட்டி எல்லாம் அச்சாகிவிட்டன. ஆட்டத்தின் பாதியில்தான் எழுத்துகளைப் படிக்கும் வழி கிடைக்கும் என்பது திட்டம். விளையாடிப் பார்க்க வந்த பள்ளி மாணவி ஒருத்தி வரைபடத்தை உற்றுப் பார்த்தாள். ஆறு, மலை, கோட்டை என எல்லாப் பெயருக்கும் முன்னால் அதே மூன்று குறிகள். "அண்ணா, இது 'தி' தானே?" என்றாள். டி, ஹெச், இ மூன்றும் கிடைத்துவிட்டால் மற்றவை எவ்வளவு நேரம் தாங்கும்? டீ வருவதற்குள் ஆட்டத்தின் ரகசியம் முடிந்தது. மறு அச்சுக்கு ஆன செலவைக் கேட்டு எனக்கே வயிறு எரிந்தது. அதைவிட எரிச்சல், அவர்கள் கண்டுபிடித்த தீர்வு: அதே 26 குறிகளைக் கலைத்து இடம் மாற்றிப் போட்டார்கள்.

முதலில் ஒலி. அந்த மக்கள் வாயில் என்னென்ன ஒலிகள் உண்டு, எவை கிடையாது என்று முடிவு செய்யுங்கள். பாகுபலி படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழி, 2015இல் நம் காதுக்குத்தான் முதலில் வந்தது. காலகேயர்கள் நாக்கைச் சொடுக்கியதும் இது வேறு கூட்டம் என்று தியேட்டரில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஒலி முடிவானபின் எழுத்துக்கு வாருங்கள். அங்கேயும் ஒலிக்கு ஒரு குறி என்று கச்சிதமாக அடுக்காதீர்கள். நாம் கல், மகன், தங்கம் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிப்பதை ஒரே ககரத்தால் எழுதிவிட்டுப் போகிறோம். அரபியில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. எந்த எழுத்து முறையும் எதையாவது விட்டுவிடும், அந்த ஓட்டையில்தான் கதை கிடக்கிறது.

நம் ஓலைச்சுவடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓலையில் புள்ளி வைப்பதில்லை. கொம்பிலும் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. இன்று நாம் போடும் இரட்டைக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த ஏற்பாடு. காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆக, ஓலையில் 'கெரடு' என்று கிடப்பதை 'கொடு' என்றும் படிக்கலாம், 'கோடு' என்றும் படிக்கலாம். இடம் பார்த்துப் படிப்பவருக்குத்தான் பொருள் பிடிபடும். தூதன் கொண்டுவந்த ஓலையில் அரசன் கேட்டது கோட்டையையா, கொட்டையையா? இது போதும், ஒரு போரைத் தொடங்கிவிடலாம்.

அப்புறம், எதன்மேல் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். ஈரக் களிமண்ணில் நாணலை அழுத்தியதால் சுமேரிய எழுத்து ஆப்பு வடிவம் பெற்றது. வட ஐரோப்பாவில் மரத்தில் செதுக்கிய பழைய ரூன் எழுத்துகளில் நேர்க்கோடுகளே அதிகம். இழையோடு போகும் கோடு மரத்தில் சரியாகத் தெரியாது என்பதால் கிடைக்கோட்டையும் தவிர்த்தார்கள். அயர்லாந்தின் ஓகம் எழுத்து கல்லின் விளிம்பை ஒட்டிய வெறும் கீறல்கள். உங்கள் மலைவாசிகள் கருங்கல்லில் உளியால் எழுதுகிறார்கள் என்றால், ஒரே எழுத்தில் நாலு சுழி போட்டுத் தராதீர்கள். செதுக்குகிறவன் சாபம் விடுவான்.

ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டைக் கதாநாயகன் கடகடவென்று வாசிப்பது

தூசியைத் தட்டுகிறான், வாசிக்கிறான், கதவு திறக்கிறது. இப்படி எழுதுகிறவர்களுக்கு நான் மாங்குளம் கதையைச் சொல்வேன். அசோகர் கல்வெட்டுகளில் உள்ள பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837இலேயே படித்துவிட்டார். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குன்றிலுள்ள கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டார். ஆனால் இந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924இல். எழுத்து தெரிந்தும் இத்தனை ஆண்டுகள்! வடக்கே பிராமியில் கிடைத்தவை பிராகிருத மொழி, அதனால் இவற்றையும் அப்படியே படிக்கப் பார்த்தார்கள். ழ, ள, ற, ன ஒலிகளுக்கான குறிகளோ அங்கே இல்லாதவை. இவ்வளவுக்கும் அந்த மொழியைப் பேசுகிறவர்கள் குன்றின் அடிவாரத்திலேயே குடியிருந்தார்கள்.

உங்கள் கதாநாயகனுக்கு இரண்டு எழுத்து பிடிபட்டு, மூன்றாவது தப்பாகப் பிடிபடட்டும். கதவு தானாகத் திறக்காது, வேறு ஏதாவது திறக்கும்.

எழுதியதெல்லாம் தீர்க்கதரிசனம்

பழைய கிரேக்கத்தின் லீனியர் பி எழுத்துள்ள களிமண் பலகைகளை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்தபோது வந்தவை ஆட்டுக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும்.

எல்லோரும் ஒரே நடையில் பேசுவது

தமிழில் எழுதும்போது இது தனித் தலைவலி. அரசனும் "வருக இளவரசே" என்கிறான், குதிரை தேய்க்கிறவனும் அப்படியே சொல்கிறான். சரி, வேறுபடுத்துவோம் என்று குதிரைக்காரனுக்குக் கொங்குத் தமிழ் கொடுத்தால், "ஏனுங்க" என்றதும் வாசகர் டவுன் பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்குப் போய்விடுவார். அந்த உலகத்துக்கு அவரைத் திரும்பக் கூட்டிவருவது லேசில்லை.

வட்டார வழக்கைத் தொடாமலே செய்யலாம். யார் யாரை 'நீ' என்கிறார், யார் 'தாங்கள்' என்கிறார், பெரியவர் பெயரைச் சொல்லலாமா கூடாதா, எதன்மேல் சத்தியம் செய்கிறார்கள், கோபம் வந்தால் எந்த மிருகத்தின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள்? எனக்குத் தெரிந்து வசனத்தில் சிக்கனமாக வேலை செய்பவை இவைதான். கோயிலில் ஓதும் மொழியும் சந்தையில் பேரம் பேசும் மொழியும் வேறு வேறாக இருந்தால் இன்னும் நல்லது. சுமேரியம் பேச்சில் செத்துப் பல நூறு ஆண்டுகள் கழித்தும் பாபிலோனில் பையன்கள் அதை எழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அடி வாங்கித்தான்.

வில்லன் கூட்டத்துக்கு மட்டும் க்ர, ட்ர, ஜ்ர

வேண்டாம்.

200 பக்க இலக்கணம்

வேற்றுமை உருபுகள் எல்லாம் தயார், கதையில் முதல் அத்தியாயம்கூட இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் நான் இலக்கணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஊர்ப் பெயர்களை மட்டும் எழுதச் சொல்வேன். நம் ஊர்களுக்குப் பாக்கம், பட்டி, குளம், குறிச்சி என்று முடிவதுபோல அவர்களுக்கும் நாலைந்து ஈறுகள். கடலோரத்துக்கு ஒன்று, ஏரிக்கரைக்கு ஒன்று, படையெடுத்து வந்தவர்கள் வைத்த பெயர்களுக்கு அவர்கள் மொழியிலிருந்து ஒன்று. பிறகு உள்ளூர்க்காரர் வாயில் தேய்ந்த வடிவத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும், தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல. ஒரு சாயங்கால வேலை. இதை முடித்துக்கொண்டு வந்தால் மற்றதைப் பேசலாம்.