ஆலிவ் இலையைக் கொதிக்க வைக்குமுன்

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கைப்பிடி இலையோடு வந்தார். "தம்பி, இது சைத்தூன் இலை, அதான் ஆலிவ். இனிப்புநீருக்கு நல்லதாம். எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கணும்?" வாங்கிப் பார்த்ததும் பகீரென்றது. கோயில் வேலியோரம் பூத்து நிற்குமே, அந்த அரளி!

கோலாலம்பூரில் ஆலிவ் இலையைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். இரண்டுக்கும் இலை குறுகி நீண்டிருக்கும், அதனால்தான் இந்தக் குழப்பம். கையில் எடுத்துப் பாருங்கள். ஆலிவ் இலை விரல் நீளம்தான்; எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். திருப்பினால் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருக்கும். அரளியில் ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலை. சாண் நீளம்கூட வளரும், நடுநரம்பு தடித்துத் தெரியும், அடிப்புறமும் பச்சைதான். அரளி நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் போகாது. துளி சந்தேகம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். யாராவது குடித்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.

சரியான இலையே கிடைத்தாலும், மூலிகைதானே என்று இஷ்டத்துக்குக் குடிப்பது அடுத்த தவறு. அதன் கசப்புக்குக் காரணமான ஒலியூரோபீன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஓரளவு குறைக்கக்கூடியது. ஏற்கெனவே அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு இதுவும் சேர்ந்தால் அழுத்தமோ சர்க்கரையோ தேவைக்கு மேல் இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இதை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பது நல்லது. கேப்சூலாக வாங்கினால் டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பினாங்கில் ஊறவைத்து விற்கும் 'கானா'வைச் சீன ஆலிவ் என்பார்கள். அது வேறு குடும்பத்து மரம். இந்தப் பக்குவம் எதுவும் அதற்குப் பொருந்தாது.

வீட்டில் வளர்க்கிறவர்கள் காய்க்காகக் காத்திருக்க வேண்டாம். ஆலிவ் மத்திய தரைக்கடல் மரம். பூக்கக் குளிர்காலம் வேண்டும். கோலாலம்பூரில் அது ஏது? இலை மட்டும் நன்றாகவே தழைக்கும், வேரில் தண்ணீர் நிற்காத வரை. என் முதல் கன்று தொட்டிக்கு அடியில் வைத்த தட்டினால்தான் செத்தது. மழை பெய்யப் பெய்யத் தட்டு நிரம்பி, வேர் அழுகி, இலை மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. இப்போது மண்ணில் பாதி கரடுமணல், தட்டே கிடையாது, கூரை விளிம்பில் வெயில் படும் இடம்.

நர்சரியிலிருந்து வந்த செடியில் உடனே இலை பறிக்காதீர்கள், பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். சில மாதம் விட்டு, புதுத் துளிரில் முற்றியதைப் பறியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இலையைக் குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கழுவித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். மடித்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். அப்புறம்தான் போத்தலில் போட வேண்டும்.