சிலவேளை மட்டும் மிஸ் அடிக்கும் பழைய கார்

மிஸ் அடிப்பது என்றால், ஏதாவதொரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் தவறி எஞ்சின் தடுமாறுவது. எந்நேரமும் மிஸ் அடிக்கும் எஞ்சினைத் திருத்துவது சுலபம். கராஜுக்குக் கொண்டுபோனால் மெக்கானிக்கின் முன்னாலும் அது மிஸ் அடிக்கும். சிலவேளை மட்டும் மிஸ் அடிக்கும் எஞ்சின்தான் வில்லங்கமானது. ஆகவே பொறி விடும் பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் கொயில் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டத் தொடங்குமுன், காரில் ஒரு கொப்பியை வைத்து, ஒவ்வொரு தடவையும் எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடேறியிருந்ததா, மழை பெய்ததா, நின்ற நிலையில் நடந்ததா ஓட்டத்தில் நடந்ததா என்பதை ஒரு வாரத்துக்குக் குறித்து வையுங்கள். நான் சொல்வது, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரும் உள்ள, 1980களில் வந்த நிசான் சன்னி, டொயோட்டா கொரோலா போன்ற கார்களுக்கே பொருந்தும்.

மாரி காலத்துக் காலைகளில் மட்டும் மிஸ் அடித்து, எஞ்சின் சூடேறியதும் சரியாகிவிட்டால் முதலில் ஈரத்தையே சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் மட்டக்களப்பின் கல்லடி, நாவற்குடாப் பகுதிகளில் உப்புக்காற்றுப் பட்டு வயர் முனைகளில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். இரவில் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு, பொனெற்றைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, தெளிப்பான் போத்தலால் பிளக் வயர்களின் மீது மிக மெல்லியதாகத் தண்ணீர் தெளியுங்கள். மின்சாரம் கசியும் இடத்தில் ‘டிக் டிக்’ என்ற சத்தத்துடன் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். அந்த வயர்களில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட் என்பதால் கையை அருகில் கொண்டுபோகக் கூடாது.

வயர்கள் நன்றாக இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்புறத்தை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். எனது சன்னியில் நடுமுனையிலிருந்து ஓரத்து முனை ஒன்றுக்குப் பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது; துணியால் எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை. மின்சாரம் பிளாஸ்டிக்கைக் கரியாக்கிப் போட்டுக்கொண்ட பாதை அது, மூடியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைப் பார்க்குமுன்னரே நான் புதுக் கொயில் ஒன்றை வாங்கியிருந்தேன் என்பது வேறு கதை.

இதற்கு மாறாக, அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பின்னர் தொடங்கி, நிறுத்தி ஆறவிட்டால் மறைகின்ற மிஸ், பெரும்பாலும் கொயிலிலோ, கொயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தும் இக்னைட்டரிலோதான் இருக்கும். மல்ட்டி மீற்றரில் கொயில் சரியான அளவைக் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், ஏனெனில் மீற்றரின் சிறிய மின்னழுத்தத்தில் உள்ளே சுருள்களுக்கிடையிலான காப்பு உடைவது தெரியவராது. நன்றாக ஓடுகின்ற அதே வகைக் காரின் கொயிலை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் பூட்டிப் பார்ப்பதே மேல்.

பாரத்தில் மட்டும் மிஸ் அடித்தால், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடிப் பொறி பாய அதிக வோல்ட் தேவைப்படும் நேரத்தில் மட்டும் தவறினால், பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். இதைச் சோதிக்க மட்டக்களப்பில் ஏற்றம் தேடிச் செங்கலடி–பதுளை வீதியில் வெகுதூரம் போக வேண்டும். அதற்குப் பதிலாக வெறிச்சோடிய நேர்வீதியில் டொப் கியரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டு எக்சிலேற்றரை அழுத்துங்கள்; மேடு ஏறும் பாரம் எஞ்சினுக்கு அப்படியே கிடைக்கும். நீண்ட தூர வேக ஓட்டத்தில் மட்டும் இழுவை குறைந்து தவறினால் பெற்றோல் ஃபில்டரையும் பம்பையும், நின்ற நிலையில் மட்டும் தவறினால் காபரேட்டரைச் சுற்றியுள்ள ரப்பர்க் குழாய்களில் வெடிப்பையும் பாருங்கள்.

கழற்றிய பிளக்குகளை அவற்றின் வரிசை மாறாமல் ஒரு பலகையில் அடுக்குங்கள். உலர்ந்த கரி, பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போவதைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்ததைக் காட்டும். மற்ற மூன்றும் கறுத்திருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோல வெளுத்திருந்தால், ரேடியேற்றர்த் தண்ணீர் அந்தச் சிலிண்டருக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பாகத்தை மாற்றிய பின்னர், கொப்பியில் குறித்த அதே நிலைமையில் காரை ஓடவிட்டுப் பாருங்கள். மழையில் வந்த கோளாறென்றால் வெயிலில் நன்றாக ஓடியதைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த மழை வரும்வரை அந்தத் தெளிப்பான் போத்தலையே மறுபடி எடுங்கள்.