“நான் அவரைத் தொட்டதே இல்லை”: லத்தீன் வேர்ச் சொற்களிடம் ஏமாறாமல் இருக்க

2008-இல், மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், புதுச்சேரியில் ஓர் அம்மாவின் விவாகரத்துத் தீர்ப்பைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிக் கொடுத்தேன். 1971-இல் பிரான்சில் வழங்கப்பட்ட தீர்ப்பு. நாலு பக்கம், கார்பன் நகல், மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. “மனைவி கணவனுக்குப் பலத்த காயங்கள் ஏற்படுத்தியதால்” என்று எழுதியிருந்தேன். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். அந்த இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

“ஏம்மா, நான் அவரைத் தொட்டதே இல்லை. வாயாலதான் கிழிச்சேன்.”

மூலத்தில் இருந்த சொல் அன்ஜூர். ஆங்கிலத்தின் இஞ்சூரி எப்படி எழுதப்படுமோ கிட்டத்தட்ட அதே எழுத்துகள், கடைசி எழுத்து மட்டும் வேறு. பார்த்தவுடன் காயம் என்று கை எழுதிவிட்டது. பிரெஞ்சில் அதற்கு அர்த்தம் வசவு, இழிசொல். 1804-இல் நெப்போலியன் காலத்தில் வந்த சிவில் சட்டத்தின் 231-ஆவது பிரிவே விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாகக் “கடுமையான அன்ஜூர்”களைச் சொன்னது. அந்தத் தொடர்தான் வழிவழியாக வந்து 1971 தீர்ப்பிலும் உட்கார்ந்திருந்தது. நான் ஓர் அப்பாவிப் பெண்மணியை அடிதடிக்காரியாக்கி, கீழே முத்திரையும் குத்தியிருந்தேன்.

எங்கள் ஊரில் இந்த மாதிரிக் காகிதங்களுக்குக் குறைவில்லை. 1962-இல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, ஓய்வூதியக் கடிதம் எல்லாம் இன்னும் மொழிபெயர்ப்புக்கு வருகின்றன. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கிற முறையை இங்கே எழுதுகிறேன். பிரெஞ்சு மட்டுமல்ல, ஆங்கிலம் தெரிந்த தமிழர் ஸ்பானிஷ், இத்தாலியன், ஜெர்மன் எது படித்தாலும் இதே குழியில்தான் விழுவார்கள். தெரியாத சொல் பயமுறுத்தும், அகராதியைத் திறக்க வைக்கும். தெரிந்த முகம்தான் ஏமாற்றும்.

முதலில் மனதைப் பழக்க வேண்டும். நமக்கு இது புது அனுபவமே இல்லை. அவகாசம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் “கால அவகாசம் கொடுங்க” என்போம். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. தெலுங்கிலும் கன்னடத்திலும் வாய்ப்பு. இந்தியில் அவகாஷ் என்றால் விடுமுறை. சமஸ்கிருத மூலத்துக்கு இடம், இடைவெளி என்று பொருள். ஒரு வெற்றிடத்தை ஒருவர் நேரமாகப் பார்த்தார், ஒருவர் உரிமையாகப் பார்த்தார், இன்னொருவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டார். லத்தீன் சொற்கள் ஐரோப்பாவில் செய்ததும் இதேதான்.

இப்போது வேலைக்கு வருவோம். சந்தேகப்படும் சொல்லை நேரே அகராதியில் தேடாதீர்கள். முதலில் வாக்கியத்தில் அதன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். என் தீர்ப்பில் அன்ஜூருக்கு முன்னால் ஒரு வினைச்சொல் இருந்தது. அதற்கு ‘வாயால் வெளியிடுதல்’ என்று பொருள். காயத்தை யாராவது வாயால் வெளியிடுவார்களா? அந்த ஒரு வினையைப் பார்த்திருந்தாலே போதும், மானம் தப்பியிருக்கும். உடம்பில் படும் காயத்துக்குப் பிரெஞ்சில் ப்ளெஸ்யூர் என்று தனிச்சொல் இருக்கிறது. அதே தீர்ப்பில் அது ஓர் இடத்திலும் இல்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

அடுத்துதான் அகராதி. இருமொழி அகராதி அவசரத்துக்கு உதவும், ஆனால் சொல் எங்கே திரும்பியது என்று காட்டாது. அந்த மொழியிலேயே எழுதப்பட்ட, ஆண்டுவாரியாக எடுத்துக்காட்டு தரும் பெரிய அகராதி வேண்டும். பிரெஞ்சுக்கு அப்படி ஒன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. லத்தீனுக்கு 1879-இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் அகராதியும் இலவசம். அதில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அன்ஜூருக்கும் இஞ்சூரிக்கும் மூலமான லத்தீன் சொல் இனியூரியா: ‘இன்’ என்றால் இல்லை, ‘யூஸ்’ என்றால் சட்டம், உரிமை. நம்முடைய ‘அநீதி’ எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ அப்படியே.

பிரித்தபின் கிளை பிரிந்த இடத்தைத் தேட வேண்டும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் இனியூரியாவுக்கு அபராதம் 25 ஆஸ், அதாவது 25 செப்புக் காசு. சட்டம் எழுதியபோது அது பெரிய தொகை. பிறகு காசின் மதிப்பு விழுந்தது, அபராதம் அப்படியே நின்றது. லூகியுஸ் வெராதியுஸ் என்ற ஒரு பணக்காரத் திமிர்பிடித்தவன் தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கன்னத்தில் அறைவானாம். பின்னாலேயே அடிமை ஒருவன் பணப்பையோடு வந்து, அறை வாங்கியவர் கையில் 25 காசை எண்ணிக் கொடுப்பானாம். 2-ஆம் நூற்றாண்டில் அவுலுஸ் கெல்லியுஸ் இந்தக் கதையைப் பதிந்து வைத்திருக்கிறார். இதனால்தான் நிர்ணயித்த தொகையைக் கைவிட்டு, ஒவ்வொரு வழக்கிலும் நஷ்டத்தை மதிப்பிட ஆள் நியமித்தார்கள் என்றும் சொல்கிறார்.

அந்த அறையை யோசித்துப் பாருங்கள். கன்னம் எரிந்தது ஒரு பாதி, நடுத்தெருவில் மானம் போனது மறு பாதி. ரோமானியர்களுக்கு இரண்டும் சேர்ந்துதான் இனியூரியா. பிரெஞ்சு மானம் போன பாதியை எடுத்துக்கொண்டது. ஆங்கிலப் பேச்சுவழக்கு எரிந்த கன்னத்தை எடுத்துக்கொண்டது.

கிளை பிரிந்த இடம் தெரிந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளை விசாரியுங்கள். ஸ்பானிஷில் இன்ஹூரியா, இத்தாலியனில் இன்ஜூரியா, இரண்டுமே வசவுப் பக்கம். மூன்று பேர் ஒரு பக்கம் நின்று ஆங்கிலம் மட்டும் தனியே நின்றால், நம் தலையில் முதலில் தோன்றும் ஆங்கில அர்த்தத்தை ஓரமாக வைத்துவிட வேண்டும். இந்தச் சோதனை எப்போதும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பெரும்பாலும் பலிக்கிறது.

சட்டக் காகிதமாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு: அந்த நாட்டுச் சட்டம் அந்தச் சொல்லுக்கு என்ன விளக்கம் தருகிறது என்று பார்ப்பது. பிரான்சின் 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட செயல் எதையும் சுமத்தாமல் வெறுமனே இழிவாகப் பேசினால் அன்ஜூர். “நீ இன்ன தேதியில் இன்ன பணத்தைத் திருடினாய்” என்று செயலைச் சுமத்தினால் அது அவதூறு, வேறு குற்றம். நம் ஊரிலோ ஒரு வேடிக்கை. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம், 44-ஆவது பிரிவில், உடல், மனம், நற்பெயர், சொத்து எதற்குச் சட்டவிரோதமாகத் தீங்கு செய்தாலும் இஞ்சூரி என்றது. உடல் வலிக்கு ‘ஹர்ட்’ என்று தனிப் பிரிவு வைத்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த விளக்கம் தொடர்கிறது. ஆக, ரோமானியரின் முழு அர்த்தமும் பிரான்சில் இல்லை, ஆங்கிலப் பேச்சில் இல்லை, நம் கோர்ட்டில் இருக்கிறது! ஆங்கிலச் சட்ட நூலைத் தமிழாக்குகிறவர்கள் இங்கேயும் ‘காயம்’ என்று போட்டுவிடாதீர்கள்.

இதேபோல நீதிமன்றச் செய்திகளில் அடிபடும் ‘இன் கேமரா விசாரணை’. வீடியோ எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவரையே எனக்குத் தெரியும். லத்தீனில் காமெரா என்றால் வளைந்த கூரை, பிறகு அப்படிப்பட்ட அறை. இத்தாலியனில் இன்றும் காமெரா என்றால் அறைதான், ஹோட்டலில் கேட்டால் சாவி கொடுப்பார்கள். இருட்டறை வழியாகப் படம் பிடிக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோர்ட்டில் மட்டும் பழைய அறை நிலைத்துவிட்டது: கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்பது.

வசவும் காயமும் சபையைக் கூட்டும், உடனே மாட்டிக்கொள்வீர்கள். சத்தமில்லாமல் கழுத்தை அறுப்பவை வினையடைகள். எவந்த்யுயெல்மான் என்று பிரெஞ்சில், எவென்டுவெல் என்று ஜெர்மனில் வரும். ஆங்கிலத்தில் ஈவென்சுவலி என்றால் ‘கடைசியில் நடந்தே தீரும்’. மற்ற இரண்டிலும் ‘நடந்தால் நடக்கலாம்’. ஒப்பந்தத்தில் “செலவுத் தொகை எவந்த்யுயெல்மான் திருப்பித் தரப்படும்” என்று இருந்தால் பணம் வரும் என்று நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது. லத்தீன் மூல வினைக்கு ‘வெளிவருதல், நேர்தல்’ என்று பொருள். இதற்கு நான் வைத்திருக்கும் தமிழ்ச் சோதனை ‘நேர்ந்தால்’, ‘நேர்ந்தது’. வாக்கியத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் படியுங்கள். பிரெஞ்சில் ‘நேர்ந்தால்’ பொருந்தும்.

செலிபதேர் என்ற சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள், பத்திரங்களில் தினமும் வரும். பிள்ளை பெற்றவரின் பத்திரத்தில்கூட இருக்கும். மணமாகாதவர் என்று மட்டுமே பொருள். ஆங்கிலத்தின் செலிபேட்டைப் பின்பற்றிப் ‘பிரம்மச்சாரி’ என்று எழுதினால் பிள்ளை வந்து சண்டை போடும்.

இதையெல்லாம் பழகிப் பார்க்க நல்ல சொல் ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கிறது. வீடு கட்டும் இடத்துக்குப் போய் மேஸ்திரியைப் பாருங்கள். லத்தீனில் மகிஸ்தெர், மேலாள், ‘அதிகம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. போர்ச்சுகீசியர் வாயில் மெஸ்த்ரெ ஆகி, நம்மிடம் மேஸ்திரி ஆனது. ஆங்கிலம் வழியாக வந்த அதே சொல் டீக்கடையில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் மிஸ். கோர்ட்டில் மாஜிஸ்திரேட். இத்தாலியில் மாயெஸ்த்ரோ இசைக்குழுவை நடத்துவார். ஸ்பெயினில் அதே பெயரில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். பிரான்சில் வக்கீலை மேத்ர் என்று கூப்பிட வேண்டும். இதைச் சுருக்கி, பெயருக்கு முன்னால் எம், இ என்ற இரண்டே எழுத்து போடுவார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு அதை ‘என்னை’ என்று ஆக்கி, வக்கீலின் பெயரை என் தலையில் கட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் மகிஸ்தெர் என்று எழுதி, இத்தனை பேரையும் சுற்றிலும் உட்கார வையுங்கள். யார் யார் சம்பளம் எவ்வளவு என்றும் எழுதிப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். (மினிஸ்டர் என்ற சொல் இதற்கு நேர் எதிர்: ‘குறைவு’ என்ற சொல்லிலிருந்து வந்தது, ஆதியில் வேலைக்காரன்.)

ஓர் எச்சரிக்கை. வேர் தெரிந்துவிட்டால் அர்த்தம் தெரிந்துவிட்டது என்று துள்ளக் கூடாது. வேர் தெரிந்தால் எந்தத் திசையெல்லாம் போயிருக்கலாம் என்று தெரியும், அவ்வளவுதான். இன்று எங்கே நிற்கிறது என்பதை இன்றைய வாக்கியங்கள்தான் சொல்லும். எங்கள் கூட்டத்தில் வேர்ப்பித்து பிடித்த நண்பர் ஒருவர் எல்லாச் சொல்லையும் ரோமாபுரிக்கே ஓட்டிக்கொண்டு போவார், பத்திரம் மட்டும் தேதிக்கு முடியாது.

நோட்டில் எழுதும்போது சொல்லுக்குச் சொல் எழுதாதீர்கள். ‘அன்ஜூர் = வசவு’ என்று எழுதினால் அடுத்த மாதம் மறந்துவிடும். என் நோட்டில் “நான் அவரைத் தொட்டதே இல்லை, வாயாலதான் கிழிச்சேன்” என்று இருக்கிறது. இன்றுவரை அந்தச் சொல்லில் இடறவில்லை.

கடைசி வேலை, சம்பந்தப்பட்டவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவது. அன்று புதிதாகத் தட்டச்சு செய்து, “கடுமையான இழிசொற்களால் கணவனை அவமதித்ததால்” என்று வாசித்தேன். அந்த அம்மா தலையாட்டினார். பிறகு காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“அவரு என்னைப் பேசினது எங்கம்மா இருக்கு?”

“தீர்ப்புல அது இல்லைங்கம்மா.”

“சரி, இருக்கிறத மட்டும் போடு” என்று கையெழுத்துக்குப் பேனா கேட்டார்.