ஹெலிகாப்டர் தானாக வெட்டினால்: பி.இ.சி. இரைச்சலைக் கண்டுபிடித்து அடக்கும் வழி

ரிமோட்டில் ஓட்டும் 450 வகை மின்சார ஹெலிகாப்டரைப் பழைய 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். சுமார் இருபது மீட்டர் தள்ளிப் போனதும் பிளேடுகளின் சாய்வை மாற்றும் தட்டான சுவாஷ்பிளேட் சட்டென்று ஒரு பக்கம் வெட்டித் திரும்பியது. என் விரல் குச்சியை அசைக்கவே இல்லை. உடனே இறக்கிவிட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் அந்தத் தட்டை அசைக்கும் சர்வோ மோட்டார்களை மாற்றினேன், ரேடியோவின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கிரிஸ்டலை மாற்றினேன், ஒவ்வொரு இணைப்பையும் பிடுங்கிச் செருகினேன். கோளாறு அங்கெல்லாம் இல்லை. மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தியோடு ஒட்டி வரும் வோல்டேஜ் ரெகுலேட்டரில்தான், அதாவது பி.இ.சி.யில்தான் இருந்தது. அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சுவாஷ்பிளேட்டைச் சமன் செய்வது, சர்வோ திசையைத் திருப்புவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

மூன்று செல் லிப்போ பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் கொடுக்கும். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் போதும். மிச்சம் 7.6 வோல்ட்டை லீனியர் ரெகுலேட்டர் வெப்பமாகவே கழிக்கும். சர்வோக்கள் 2 ஆம்பியர் இழுத்தால் 15.2 வாட், ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூடு. ஆறு செல் பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வந்தது. அது மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. சூடு குறைகிறது. ஆனால் ஒவ்வொரு வெட்டும் கூர்மையானது. அந்தக் கூர்மையிலிருந்து பிறக்கும் மடங்கு அதிர்வெண்கள் பழைய ரேடியோக்கள் வேலை செய்யும் 35, 72 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் வரை ஏறிவிடுகின்றன. ரிசீவருக்குப் போகும் மூன்று கம்பிகளே அவற்றைப் பரப்பும் ஆன்டெனாவாகிவிடுகின்றன.

முதலில் பிளேடுகளைக் கழற்றுங்கள்

மேலே உள்ளவற்றையும் வாலில் உள்ளவற்றையும் இரண்டையும். 450 வகையின் ரோட்டர் விட்டம் ஏறக்குறைய 70 செ.மீ. நிமிடத்துக்கு 2,800 சுற்று சுழலும்போது பிளேடு நுனி நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் போகிறது. இரைச்சலைத் தேடும் சோதனையில் ஹெலிகாப்டர் நம் பேச்சைக் கேட்காமல் போகலாம் என்பதே அடிப்படை. பிளேடோடு அதைச் செய்யாதீர்கள். அடுத்து மோட்டாரைச் சற்றுத் தளர்த்தி, அதன் சிறு கியரான பினியன் பெரிய கியரைத் தொடாதபடி நகர்த்துங்கள்.

குற்றவாளியைப் பிரித்தெடுப்பது

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நான்கு செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்று வேண்டும், 4.8 வோல்ட். என் கருவிப்பெட்டியில் இதைவிட உதவிய பொருள் வேறு இல்லை. அதில் வெட்டும் வேலையே இல்லாததால் இரைச்சலும் இல்லை.

டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாவை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டுப் பின்னால் நடந்துகொண்டே போங்கள். இன்னொருவர் ஹெலிகாப்டர் பக்கத்தில் நின்று, சர்வோ துடித்ததும் கையைத் தூக்க வேண்டும். எனக்கு என் தம்பி நின்றான். நடக்கும்போது குச்சிகளை மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள்; சர்வோ இழுக்கும் மின்சாரம் ஏறினால்தான் பி.இ.சி.யின் முழு இரைச்சல் வெளியே வரும்.

முதல் நடை, ரிசீவர் தனி பேட்டரியில், வேகக் கட்டுப்படுத்தி முழுவதும் கழற்றப்பட்ட நிலையில். இரண்டாவது, தனி பேட்டரி அப்படியே இருக்க, வேகக் கட்டுப்படுத்தியை அதன் மின்சாரம் வரும் சிவப்புக் கம்பி இல்லாமல் செருகி. மூன்றாவது, தனி பேட்டரியை எடுத்துவிட்டு, சிவப்புக் கம்பியை மறுபடி செருகி பி.இ.சி.யிலேயே, மோட்டார் நின்ற நிலையில். நான்காவது, மோட்டார் பாதி வேகத்தில் ஓட. சர்வோ துடிக்கும் வரை நான் எடுத்துவைத்த காலடிகள் முறையே 38, 36, 13, 12. மூன்றாவதில் சட்டென்று விழுந்திருப்பதைப் பாருங்கள். மோட்டார் ஓடினாலும் நின்றாலும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. பி.இ.சி.தான்.

இந்தச் சோதனைக்கு, வரும் சிக்னலை அப்படியே சர்வோவுக்கு அனுப்பும் சாதாரண பி.பி.எம். ரிசீவரையே பயன்படுத்துங்கள். பி.சி.எம். ரிசீவர் பழுதான தகவலை ஒதுக்கிவிட்டுக் கடைசி நல்ல நிலையிலேயே சர்வோவைப் பிடித்துவைக்கும். கோளாறு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

சிவப்புக் கம்பியை எடுப்பது எப்படி என்று பலர் கேட்டார்கள். பிளக்கின் ஒரு பக்கத்தில் மூன்று சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். நடு நாக்கைக் கத்தி நுனியால் மயிரிழை அளவு தூக்கி, கம்பியைப் பின்பக்கமாக இழுத்தால் ஊசி வழுக்கி வந்துவிடும். வெளியே வந்த ஊசியை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். கறுப்புக் கம்பியை எடுத்துவிடாதீர்கள். சிக்னலுக்கு அந்தப் பொது இணைப்பு வேண்டும். சிவப்பை எடுக்காமல் தனி பேட்டரியைச் செருகினால் இரண்டு மின்மூலங்கள் ஒன்றோடொன்று மோதும்.

உறுதி செய்துகொள்ள விரும்பினால், பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோவை நிலையம் ஏதும் கேட்காத இடத்தில் வைத்துப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பி.இ.சி.யை நெருங்கும்போது வண்டு ரீங்காரம் போல ஓர் ஒலி எழும். குச்சியை அசைத்தால் அதன் சுருதி மாறும். ஐந்நூறு ரூபாய்க்குள் இதைவிட நல்ல இரைச்சல் மோப்பக்கருவி கிடையாது.

ஃபெரைட் வளையம்: நான் தவறிய இடம்

இரைச்சலுக்கு ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையம் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிப் போடுவது என்பதை யாரும் நின்று சொல்வதில்லை. மின்சாரம் வருவது சிவப்புக் கம்பியில்தானே என்று அதை மட்டும் வளையத்தில் சுற்றினேன். நடந்து பார்த்தேன். அதே 13.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரே கம்பியைச் சுற்றினால், சர்வோ இழுக்கும் ஆம்பியர் கணக்கான நேர்மின்சாரம் வளையத்தின் காந்தத்தை நிரப்பிவிடும். நிரம்பிய ஃபெரைட் எதையும் தடுக்காது. மூன்று கம்பிகளையும் சேர்த்துச் சுற்றும்போது, சிவப்பில் போகும் மின்சாரமும் கறுப்பில் திரும்பும் மின்சாரமும் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. மூன்றிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சல்தான் வளையத்தில் சிக்குகிறது. நமக்குத் தொல்லை கொடுப்பதும் அதுவே.

ஆகவே மூன்றையும் தட்டையாகச் சேர்த்து ஐந்து அல்லது ஆறு சுற்று. முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் அருகருகே வரக் கூடாது. அவை ஒட்டினால் இரைச்சல் வளையத்தைத் தாண்டிக் குதித்துவிடும். வளையத்தைப் பி.இ.சி.க்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள், கம்பி பரப்புவதற்கு முன்பே பிடித்துவிடலாம். 43 என்ற எண் கொண்ட ஃபெரைட் 25 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை அடக்க ஏற்றது. 13 மி.மீ. துளை உள்ள வளையம் வாங்கினால் சர்வோ பிளக் அப்படியே நுழையும். இரண்டு பாதிகளாக மூடும் கிளிப் வகை எனக்குப் பிடிக்காது. கனம் அதிகம், ஹெலிகாப்டர் அதிர்வில் வாய் திறந்துகொள்ளும்.

சுற்றிய பிறகு என் மூன்றாவது நடை 13-லிருந்து 31-க்கு ஏறியது.

மிச்ச வேலை ஆன்டெனாவில். 72 மெகாஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல், ரிசீவர் கம்பியின் நீளமும் அதையொட்டியதே. வெட்டாதீர்கள், சுருட்டாதீர்கள். கார்பன் ஃபைபர் சட்டம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதன்மேல் ஒட்டவைக்காமல், பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு வேகக் கட்டுப்படுத்தி இல்லாத பக்கமாகக் கொண்டுபோங்கள். பேட்டரிக் கம்பிகளை நீட்டவும் வேண்டாம்.

பின்சேர்க்கை 1: பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமான வளையத்தை எடுத்துச் சுற்றியும் பயன் இல்லை என்று இருவர் எழுதினார்கள். அது ஃபெரைட் அல்ல, இரும்புத்தூள் வளையம். அங்கே அதன் வேலை வேறு. பழைய மானிட்டர் கேபிளில் குண்டாகத் தெரியும் கறுப்பு உருளைதான் ஃபெரைட்.

பின்சேர்க்கை 2: பினியனைக் கோத்து ஓட்டினால் மட்டும் வெட்டுகிறது என்றால் பி.இ.சி.யை விட்டுவிடுங்கள். வாலை பெல்ட் ஓட்டும் மாடல்களில் பெல்ட் உரசி நிலைமின்சாரம் சேரும். வால் குழாயிலிருந்து சட்டத்துக்குப் பொறியாகத் தாவும். வறண்ட நாளில் இன்னும் மோசம். குழாயையும் மோட்டார் உறையையும் மெல்லிய கம்பியால் இணைத்து, பெல்ட்டில் உலர் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் நிற்கும். குழாயின் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு இணையுங்கள்.

பின்சேர்க்கை 3: 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு மாறியவர்களும் இதே வெட்டு என்று கேட்கிறார்கள். அவ்வளவு மேலே பி.இ.சி.யின் இரைச்சல் வலுவாக ஏறுவதில்லை. அங்கே வேறு நோய்: டிஜிட்டல் சர்வோக்கள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் சரிகிறது. 3.5 வோல்ட் அளவுக்குக் கீழே போனால் பல ரிசீவர்கள் அணைந்து மறுபடி தொடங்கும். மல்டிமீட்டர் இதைக் காட்டாது, சரிவு அவ்வளவு குறுகியது. பிளேடு இல்லாமல், மோட்டாரை நிறுத்தி, சுவாஷ்பிளேட்டைக் கையால் இலேசாக அழுத்திப் பிடித்தபடி குச்சிகளை வேகமாகச் சுழற்றுங்கள். ரிசீவர் விளக்கு மினுங்கினால் பி.இ.சி. போதவில்லை. பெரியது மாற்றும் வரை, 10 வோல்ட் தாங்கும் 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை ரிசீவரின் காலி இடத்தில் செருகிவையுங்கள். பட்டை உள்ள கால் கறுப்புக் கம்பிக்கு.