சிறு நகரத்துக்குக் குடிபெயரலாமா? முடிவெடுக்கும் முறை, படிப்படியாக

வாடகை குறையும், நெரிசல் இருக்காது. இந்த இரண்டை மட்டும் நம்பி மூட்டை கட்டாதீர்கள். சிறு நகரில் வேலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் இருக்கும். ஆனால் பலவற்றில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது கைவிட்டால் இரண்டாவது எங்கே என்று பார்ப்பதுதான் இந்த முறையின் அடிப்படை.

படி 1: காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

எழுதிய காரணம் இதே நகரின் வேறொரு பகுதிக்கு மாறினாலே தீருமா என்று பாருங்கள். அலுவலகப் பயணம்தான் தொல்லை என்றால், அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு பார்ப்பது ஊர் மாறுவதைவிட மலிவு. தீராது என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: மிச்சத்தைக் கணக்கிடுங்கள்

இப்போதைய மாத வருமானத்தை 100 என்று வையுங்கள். வாடகை 35, போக்குவரத்து 8, மற்றவை 40. மிச்சம் 17. சிறு நகரில் சம்பளம் 80 ஆகிறது. வாடகை 18, பொதுப் போக்குவரத்து போதாததால் சொந்த வண்டிக்கு 12, மற்றவை 38. மிச்சம் 12. வாடகை ஏறக்குறைய பாதியாகியும் கையில் நிற்பது குறைந்துவிட்டது.

'மற்றவை' ஏன் பெரிதாக இறங்கவில்லை? கடன் தவணை, காப்பீடு, கைபேசிக் கட்டணம், இணையத்தில் வாங்கும் பொருள்கள் ஆகியவை ஊரைப் பார்த்துக் குறைவதில்லை. அதோடு பெருநகருக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். ஆண்டுக்கு எத்தனை பயணம் என்று எண்ணி, கட்டணத்தையும் தங்கும் செலவையும் 12-ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள். குடிபெயரும் செலவை இரண்டு முறை எழுதுங்கள்: போவதற்கு ஒன்று, திரும்பி வர ஒன்று.

இதற்கு வெறும் விரிதாள் போதும். வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல, பயனர்கள் பதியும் விலைகளின் சராசரியைத்தான் தருகின்றன. சிறு நகருக்குப் பதிவுகள் மிகக் குறைவாக இருப்பதால் எண் தாறுமாறாக வரும். அந்த ஊரில் குடியிருக்கும் இருவரிடம் ஒரு மாத ரசீதுகளைக் கேட்டுப் பாருங்கள்.

படி 3: 'இரண்டாவது' பட்டியல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. ஒரு சேவை ஓர் ஊரில் நிலைக்கக் குறைந்தபட்ச ஆள்தொகை வேண்டும். ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் முன்வைத்த மைய இடக் கோட்பாட்டின் சாரம் இதுதான். மளிகைக்கடைக்குச் சில தெருக்கள் போதும். நரம்பியல் மருத்துவருக்கு ஒரு வட்டாரமே வேண்டும். எனவே நீங்கள் தேடும் சேவை எவ்வளவு அரிதோ, அவ்வளவு கவனமாகச் சோதியுங்கள்.

வேலை: போகும் வேலை ஆறாம் மாதமே போய்விட்டால் உங்களை எடுக்கக்கூடிய நிறுவனங்கள் அங்கே எத்தனை? வேலைத் தளங்களில் உங்கள் பதவியையும் ஊரையும் போட்டு நான்கு வாரம் குறித்து வாருங்கள். விளம்பரங்களை எண்ணாதீர்கள், நிறுவனங்களை எண்ணுங்கள். ஒரே காலியிடத்தைப் பல முகவர்கள் பதிவிடுவார்கள். மூன்றுக்குக் கீழே என்றால், அடுத்த வேலைக்கு மறுபடி ஊர் மாற வேண்டிவரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலை என்றால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பணியிடமாக எந்த ஊர் குறிக்கப்படும், ஊருக்கேற்பச் சம்பளம் குறையுமா, அலுவலகத்துக்கு அழைத்தால் எத்தனை நாள் அவகாசம். மேலாளர் வாய்வார்த்தையாகத் தந்த அனுமதி அவர் மாறும் நாளோடு போய்விடும்.

மருத்துவம்: பெயர்ப்பலகையில் இருக்கும் நிபுணர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருபவராக இருக்கலாம். மருத்துவமனைக்கு இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்து, இந்நேரம் சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா, இதயக் குழாய் அடைப்பை நீக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். மூளைக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். வசதி அடுத்த ஊரில்தான் என்றால், வரைபடச் செயலியில் நெரிசல் நேரத்தைப் புறப்படும் நேரமாக வைத்துப் பயண நேரம் பாருங்கள்.

பள்ளிக்கும் இதே விதி. மேல்வகுப்பில் பிள்ளைக்கு வேண்டிய பாடப்பிரிவு உண்டா, இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பள்ளி எது என்று கேட்டால் போதும்.

படி 4: இணையம், மின்சாரம்

நிறுவனத்தின் 'சேவை உண்டு' வரைபடத்தை நம்பாமல், நீங்கள் பார்க்கும் அதே கட்டடத்தில் இருப்பவர் இணைப்பில் இரவு 8 முதல் 10-க்குள் வேகம் சோதியுங்கள். பதிவேற்ற வேகம்தான் முக்கியம். தெளிவான காணொளி அழைப்புக்கு ஆளுக்கு 3 முதல் 4 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்) போகும், இருவர் வேலை செய்யும் வீட்டுக்கு நிலையான 10 எம்.பி.பி.எஸ். பதிவேற்றம் வேண்டும். மாற்று இணைப்பு வேறு நிறுவனத்தின் கைபேசி வலையமைப்பாக இருக்கட்டும். ஒரே கம்பிவடத்தில் வரும் இரண்டு இணைப்புகள் ஒன்றாகவே அறுந்துபோகும்.

மின்வெட்டுக்கு ரூட்டருக்கான சிறிய யு.பி.எஸ். வாங்கும்போது அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பொருத்திப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் ரூட்டரும் மோடமும் தனித்தனிப் பெட்டிகள் என்றால், இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ரூட்டர் விளக்கு எரிந்தும் இணையம் வராததற்கு இதுவே வழக்கமான காரணம்.

படி 5: வாழ்ந்து பாருங்கள்

விடுமுறையில் போய்ப் பார்த்தால் எந்த ஊரும் அழகு. நான்கு வாரம், அந்த ஊரின் மோசமான பருவத்தில், விடுதியில் அல்லாமல் வாடகை வீட்டில் தங்குங்கள். முழுநேரம் வேலை செய்யுங்கள். குழாய் பழுதுபார்ப்பவரை அழைத்து, எத்தனை நாளில் வருகிறார் என்று குறியுங்கள்.

தனிமையையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும் நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டும். வாரம் 2 மணி நேரம் சந்தித்தால் 200 மணிக்கு இரண்டு ஆண்டு ஆகும். ஆகவே வாராவாரம் கூடும் குழு ஒன்றை, விளையாட்டோ இசையோ, போவதற்கு முன்பே கண்டுபிடித்து வையுங்கள்.

படி 6: திரும்பும் வழி

முதல் ஆண்டு அங்கே வீடு வாங்காதீர்கள். இங்கே சொந்த வீடு இருந்தால் விற்காமல் வாடகைக்கு விடுங்கள். பெருநகரில் விலையும் வாடகையும் வேகமாக ஏறினால், ஒருமுறை வெளியேறியவர் அதே நிலையில் திரும்புவது கடினம்.

பின்சேர்க்கை

கணவன் மனைவி இருவரும் வேலை பார்ப்பவர்கள் எனில், 'இரண்டாவது' பட்டியலை இருவருக்கும் சேர்த்து ஒரே தாளில் எழுதினால் போதுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. படி 3-ஐ ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் நிரப்புங்கள். ஒருவர் தாளில் நிறுவனங்கள் ஐந்தும் மற்றவர் தாளில் பூஜ்ஜியமும் இருந்தால், படி 2-ஐ ஒற்றைச் சம்பளத்தில் மறுபடி போடுங்கள். மிச்சம் எதிர்மறையாக வந்தால் அந்த ஊரை விட்டுவிட்டு, அடுத்த ஊருக்குப் புதுத் தாள் எடுங்கள்.