ஓயாமல் ‘ஏன்?’ கேட்கும் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது

மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குக் கணக்கே கிடையாது. அத்தனைக்கும் பதில் சொல்லியே தீருவேன் என்று இறங்காதீர்கள், மதியத்துக்குள் களைத்துப்போவீர்கள். எதற்காகக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். ‘அப்பா ஏன் இன்னும் வரல?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிற குழந்தைக்கு டிராஃபிக் பற்றிய விளக்கம் வேண்டாம், மடியில் தூக்கி வைத்துக்கொண்டால் போதும். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டால் இரண்டு வரியில் சொல்லுங்கள், இன்னும் வேண்டுமென்றால் அதுவே கேட்கும்.

சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. ‘நிலா ஏன் நம்ம கூடவே வருது?’ என்று கேட்டால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்து மரம் எப்படிப் பின்னால் ஓடுகிறது, தூரத்து மலை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தூரம் கூடக் கூட நகர்வது குறைகிறது என்பதை அதுவே கண்டுபிடிக்கும். அப்புறம், நிலா கிட்டத்தட்ட 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதனால்தான் நகராத மாதிரி தெரிகிறது என்று நீங்கள் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பூரி ஏன் உப்புகிறது என்பதையும் இப்படியே காட்டலாம்: மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி உள்ளிருந்து தள்ளுகிறது. பூரியைப் பிய்க்கும்போது வரும் ஆவியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கட்டும்.

பதில் தெரியாவிட்டால் ‘தெரியல, சேர்ந்து பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுங்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடல் ஏன் இவ்வளவு நீலம் என்று சி.வி.ராமன் யோசித்தார். வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்ற அப்போதைய விளக்கம் அவருக்குப் போதவில்லை. ஒளி தண்ணீரில் சிதறுவதை ஆராயத் தொடங்கி, 1928இல் ராமன் விளைவைக் (சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவதை) கண்டுபிடித்தார். உங்கள் பிள்ளை கேட்பதும் அதே மாதிரிக் கேள்விதான், அதைப் போய் ‘அதிகப்பிரசங்கி’ என்று அடக்கிவிடாதீர்கள்.

சரி, அடுப்பில் எண்ணெய் காய்கிற நேரத்தில் கேட்டால்? கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அந்தக் கேள்வியை எழுதி, சாப்பிட்டதும் பேசலாம் என்று சொல்லுங்கள். சொன்னபடி பேசவும் வேண்டும். ரெண்டு தடவை ஏமாற்றினால் அப்புறம் உங்கள் வார்த்தையை நம்பாது.

சாவு பற்றிய கேள்விதான் கஷ்டம். ‘தாத்தா தூங்கிட்டார்’ என்றால் சில குழந்தைகளுக்குத் தூங்கவே பயம் வந்துவிடும், ‘ஊருக்குப் போயிருக்கார்’ என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி திரும்பி வரமாட்டார், நமக்கு வருத்தமாகத்தான் இருக்கும் என்று நேராகச் சொல்லுங்கள். நாளைக்கும் அதையே கேட்கும். அதே பதிலை அதே நிதானத்தோடு சொல்லுங்கள், கூடவே அது அழுதால் அழவிடுங்கள்.