ஒப்பினெல் மடக்குக் கத்தியை நெடுநாள் பயன்படுத்துவது எப்படி

பையில் எப்போதும் இருக்க ஒரு மடக்குக் கத்தி வேண்டும், ஆனால் அதற்குப் பெருந்தொகை செலவிட விருப்பமில்லை என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பிரான்சு நாட்டின் ஒப்பினெல் கத்தியைத்தான். ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவோயில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் உருவாக்கிய இக்கத்தி, மரப்பிடி, ஓர் அலகு, அவை இரண்டையும் இணைக்கும் ஓர் ஆணி என்ற எளிய அமைப்போடு ஏறக்குறைய அதே உருவில் இன்றும் விற்கப்படுகிறது. விரித்த அலகைப் பூட்டி நிறுத்தும் உலோக வளையத்தை மட்டும் 1955இல் மார்செல் ஒப்பினெல் சேர்த்தார். உறுப்புகள் குறைவாக இருப்பதால் பழுதாகும் இடங்களும் குறைவு. இக்கத்தி தாங்காதவை இரண்டுதான்: தேங்கி நிற்கும் ஈரமும், நெம்புகிற வேலையும். அவ்விரண்டையும் தவிர்க்கப் பழகியவர்களிடம் இது பல்லாண்டுகள் உழைக்கும்.

அளவைப் பொறுத்தவரை, அன்றாடப் பயன்பாட்டுக்கு 8ஆம் எண் கத்தியே ஏற்றது. அதன் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளமுள்ளது. மாம்பழத்தைச் சீவவும், கயிற்றை அறுக்கவும், அட்டைப்பெட்டியைப் பிரிக்கவும் போதுமானது. அதைவிட முக்கியமான முடிவு எஃகைப் பற்றியது. கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டு வகைகளில் இக்கத்தி கிடைக்கிறது. கார்பன் எஃகு சாணைக்கல்லில் விரைவாகக் கூரேறும். ஆனால் ஈரத்தோடு மடக்கி ஓரிரவு விட்டாலே துரு படியும். கடற்கரை ஊர்களில் வாழ்பவர்கள், மீன் அறுப்பவர்கள், கத்தியைக் குழந்தைகளோடும் நண்பர்களோடும் பகிர்ந்துகொள்பவர்கள் ஆகியோர் துருப்பிடிக்காத எஃகையே வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே கார்பன் எஃகைப் பரிந்துரைப்பேன்.

கத்தி கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை ஆணிக்கு எண்ணெய் விடுவதாகும். பிடியின் வெளிப்புறத்தில் மெருகுப் பூச்சு இருக்கும்; ஆனால் அலகு மடங்கி உட்காரும் பள்ளத்தின் உட்புறத்திலும் ஆணியைச் சுற்றிலும் மரம் நீரை எளிதாக உறிஞ்சும். நீரை உறிஞ்சிய மரம் உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் பலர் இக்கத்தியைத் திறக்கவே முடியவில்லை என்று குறைப்படுகிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை ஆணியருகே சில துளிகள் விட்டு, அலகைப் பலமுறை விரித்து மடக்கி, ஓரிரவு அப்படியே வைத்திருந்தால் எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ விடக் கூடாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை வீசும். நல்லெண்ணெய் பிசுக்காகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் மழைக்காலத்தில் மரம் உப்பத்தான் செய்யும். அப்போது நகத்தைக் கொடுத்து இழுத்துப் போராடினால் நகம் பெயரும், அல்லது அலகு திடீரென விடுபட்டுக் கையை அறுக்கும். சவோய் நாட்டுப்புறத்தார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிமுனையை மரப்பலகையில் ஓங்கித் தட்டினால் அலகின் நுனி பள்ளத்திலிருந்து சற்று வெளியே எழும்பும். பிறகு அதன் முதுகுப் பக்கத்தைப் பிடித்து விரித்துக்கொள்ளலாம். விரித்த கத்தியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர விட வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் மரம் வெடித்துவிடும்.

பயன்படுத்தும்போது அலகை முழுவதும் விரித்தவுடன் வளையத்தைத் திருப்பிப் பூட்டுவது விரல்களுக்குப் பழக வேண்டிய முதல் பழக்கம். வளையத்தின் விளிம்பு சிறிது சரிவாக அமைந்திருப்பதால், திருப்பத் திருப்ப அது அலகின் அடிப்பகுதியில் இறுகி உட்காரும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த கத்திகளில் மடக்கிய நிலையிலும் பூட்டலாம் என்பதால், பைக்குள் கத்தி தானாகத் திறக்குமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. தேங்காய் ஓட்டைப் பெயர்ப்பது, டப்பா மூடியை நெம்புவது, திருகாணியைச் சுழற்றுவது ஆகியவற்றுக்கு இந்த மெல்லிய அலகு உகந்ததன்று. நுனி ஒருமுறை ஒடிந்தால் அதைச் சீராக்க அலகின் நீளத்தையே குறைக்க நேரிடும். எலும்பிலும் பீங்கான் தட்டின் மீதும் வெட்டக் கூடாது. தட்டில் வைத்து ஓர் எலுமிச்சையை அறுத்தால்கூடக் கூர் மழுங்கிவிடும்.

கார்பன் எஃகு வாங்கியவர்கள் முதல் சில வாரங்களில் அலகு கறுப்பதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. மாங்காய், வாழைப்பூ, வெங்காயம் ஆகியவற்றின் சாறு பட்ட இடங்களில் சாம்பல் நீலமாகவும் பின்னர் கருமையாகவும் ஒரு படலம் உருவாகும். அது எஃகின் மேற்பரப்போடு ஒட்டிய மெல்லிய படலம். செந்துரு பரவுவதை அது ஓரளவு தடுக்கவும் செய்யும். எனவே அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க முயல்வது வீண் உழைப்பு. ஆனால் படலம் படியும்வரை புதிய அலகால் நறுக்கும் பழத்தில் இரும்பு வாடை தட்டும், வாழைத்தண்டும் வாழைப்பூவும் விரைவில் கறுக்கும். விரலில் செம்பொடியாக ஒட்டுகிற துரு வேறு. அதைக் கண்டவுடன் இரண்டு துளி எண்ணெயும் மிக நுண்ணிய எஃகுநாரும் கொண்டு மெதுவாகத் தேய்த்து அகற்றிவிட வேண்டும்.

கழுவும் முறையில் ஒரே விதிதான்: கத்தியைத் தண்ணீரில் ஊற வைக்கவே கூடாது. அலகை மட்டும் குழாயடியில் காட்டிக் கழுவி, உடனே துணியால் துடைத்து, அரை மணி நேரமாவது விரித்தே வைத்திருந்து பின்பு மடக்க வேண்டும். பள்ளத்துக்குள் சேரும் பழச்சக்கையை ஒரு மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்கலாம்.

இனி சாணைக்கு வருவோம். கத்தி நெடுநாள் வாழ்வதும் விரைவில் தேய்வதும் இங்கேதான் முடிவாகிறது. தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் இக்கத்தியைக் கொடுக்கலாகாது. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சில நொடிகளில் சூடேறி, நீலநிறம் பாய்ந்து, பதம் இழந்துவிடும். பதம் போன எஃகில் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிலைக்காது. இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும், ஒருபுறம் முரடாகவும் மறுபுறம் மென்மையாகவும் உள்ள காரபோரண்டம் சாணைக்கல்லே போதும். கல்லை நனைத்து, அசையாதபடி ஈரத்துணியின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அலகைக் கல்லில் படுக்க வைத்து, பிறகு அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறத்தாழ 20 டிகிரி கோணம் அமையும். அந்தக் கோணத்தை மாற்றாமல், கல்லின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பதுபோல் விளிம்பை முன்னோக்கித் தள்ள வேண்டும். நுனியை நெருங்கும்போது அலகு வளைவதால் பிடியைச் சிறிது உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி மட்டும் கூரேறி நுனி மழுங்கலாகவே இருந்துவிடும்.

ஒரு பக்கம் போதுமான அளவு தீட்டப்பட்டதா என்பதை எண்ணிக்கை சொல்லாது, விளிம்பின் மறுபுறத்தில் எழும் மெல்லிய எஃகுப் பிசிறுதான் சொல்லும். தீட்டிய பக்கத்துக்கு மறுபுறத்தில், முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, கட்டைவிரலை மெதுவாக வெளிப்புறம் நகர்த்திப் பாருங்கள். விளிம்பின் நெடுக்கே ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். தீட்டல் விளிம்பை எட்டியிருந்தால் மிக மெல்லிய சொரசொரப்பு விரலில் தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை அது தொடர்ச்சியாகத் தட்டுப்பட்ட பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். பலர் பொறுமையிழந்து பிசிறு எழும் முன்னரே பக்கம் மாற்றுகிறார்கள், பிறகு கல்லைக் குறை சொல்கிறார்கள். இரு பக்கமும் முடிந்தபின் கல்லின் மென்புறத்தில் அழுத்தமின்றி மாற்றி மாற்றிச் சில முறை தீட்டி, பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் விளிம்பைப் பின்னோக்கி இழுத்தால் எஞ்சிய பிசிறும் உதிர்ந்துவிடும். பழுத்த தக்காளியின் மேல் அழுத்தாமல் வைத்து இழுக்கும்போது தோல் அறுபட்டால் வேலை முடிந்தது. நன்றாக மழுங்கும்வரை காத்திருக்காமல், கூர் குறையத் தொடங்கும்போதே தோலிலும் மென்கல்லிலும் சில இழுப்புகள் கொடுத்துவந்தால், முரட்டுப் புறத்துக்குப் போக வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும். எஃகும் வீணாகாது.

பிடியின் மெருகு தேய்ந்து மரம் வெளுக்கத் தொடங்கினால், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உணவுக்குரிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டுப் பல நாள்கள் உலர விட வேண்டும். வண்ணக்கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயில் உலர்த்திகள் கலந்திருக்கக்கூடும் என்பதால் பழம் நறுக்கும் கத்திக்கு அது ஆகாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படுவதால் சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும்.

பயணத்தின்போது கத்தியை விமானத்தின் கைப்பையில் வைக்கக் கூடாது; ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் வாழும் தமிழர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே காரணம் காட்டாமல் பொது இடத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுவது, அலகின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே. 8ஆம் எண் கத்தி அவ்விரு நிபந்தனைகளிலும் தவறிவிடும் என்பதால் தக்க காரணமின்றி அதை வெளியே கொண்டு செல்லக் கூடாது.

ஆண்டுகள் செல்லச் செல்ல வளையம் முன்பைவிடச் சற்று அதிகமாகச் சுழன்ற பிறகே இறுகுவதைக் காண்பீர்கள். சரிவு தேய்வதன் இயல்பான விளைவு அது. வளையத்தை முழுவதும் திருப்பிய பின்னும் அலகு பக்கவாட்டில் ஆடினாலோ, பூட்டிய நிலையில் முதுகை மெதுவாக அழுத்தும்போது மடங்க முற்பட்டாலோ, அந்தக் கத்தியைக் கயிறு, அட்டை போன்ற அழுத்தம் தேவைப்படும் வேலைகளிலிருந்து விலக்கி, மேசையில் பழம் நறுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.